ராஜபாளையத்துக்கு வந்த அசல் ஐரிஷ்காரர்

சென்னையில் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதும் பெண் ஒருத்தி போன மாதம் எனக்குப் போன் செய்தாள். என் அக்கா மகளின் தோழி. அமெரிக்கத் தொடர் ஒன்றில் ஐரிஷ்காரர் ஒருவர் வருகிறாராம். எப்போதும் குடித்திருப்பாராம், எதற்கெடுத்தாலும் கையை ஓங்குவாராம். அவருக்கு எந்த ஊர்த் தமிழ் கொடுக்கலாம் என்று அவர்கள் ஆபீஸில் ஒரே விவாதம்.

"அந்தக் காலத்துல இங்கிலீஷ் படத்துக்கு மைக்ல கதை சொன்னது நீங்கதானாமே ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க" என்றாள்.

"எங்க ஊர்த் தமிழைக் குடு" என்றேன்.

"குடிகாரனுக்கா?"

"ஐரிஷ்காரருக்கு."

அவளுக்குப் புரிந்த மாதிரி தெரியவில்லை. போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பெயர் கோதை. எங்கள் தெருவில் நின்று கோதை என்று கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். பி.ஏ.வில் ஆங்கிலத்தில் மட்டும் தேறி, மற்றதையெல்லாம் கோட்டைவிட்டு, டைப்ரைட்டிங் முடித்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்து தியேட்டர் ஒன்றில் பெண்கள் டிக்கெட் கவுன்டருக்கு வேலைக்குப் போனேன். புதுத் தமிழ்ப் படங்களைப் பெரிய தியேட்டர்கள் கொத்திக்கொண்டு போய்விடும். எங்கள் முதலாளி மதுரைக் கிடங்குகளில் தூசி படிந்து கிடந்த பழைய அமெரிக்கப் படங்களைக் கொண்டுவந்து ஞாயிறு காலைக் காட்சி ஓட்டுவார். இங்கிலீஷ் தெரியாத கூட்டத்துக்கு மைக்கில் கதை சொல்ல ஒரு வாத்தியார் இருந்தார். அவருக்கு சாத்தூருக்கு மாற்றலான வாரம் முதலாளி கவுன்டருக்கு வந்து, "அம்மாயி, இனிமே நீ சொல்லு" என்றார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். எந்த வயசுப் பெண்ணும் அவருக்கு அம்மாயிதான். என் பயிற்சி அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது.

வேலை இப்படி நடக்கும். வெள்ளிக்கிழமை மதுரை பஸ்ஸில் படப்பெட்டி வரும். சனிக்கிழமை காலையில் ஆபரேட்டர் காதர் பாய் எனக்கு மட்டும் படத்தை ஓட்டிக் காட்டுவார். காலித் தியேட்டரில் நடு வரிசையில் உட்கார்ந்து நான் கதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். புரியாத இடத்தில் கையைத் தூக்கினால் பாய் நிறுத்திவிட்டு, அந்த ரீலை மறுபடி சுற்றிப் போடுவார். ஞாயிறு காலையில் கேபினில் ஸ்டூல் போட்டு, திரை தெரிகிற சின்ன ஓட்டைக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்காருவேன். நான் வாயைத் திறந்ததும் பாய் படத்தின் சத்தத்தைக் குறைப்பார், மூடியதும் ஏற்றுவார். சண்டை நடக்கும்போது நான் பேசக் கூடாது. முத்தம் கொடுக்கும்போது கட்டாயம் பேச வேண்டும், அதுவும் வேறு ஏதாவது விஷயத்தை.

இந்த விதிகளெல்லாம் முதலாளி போட்டவை. ஆனால் அவர் ஒரு படத்தைக்கூட உள்ளே வந்து பார்த்ததில்லை. வெளியே சைக்கிள் ஸ்டாண்டில், கிராம்பு மென்றுகொண்டு, சுவரில் காது வைத்த மாதிரி நிற்பார். உள்ளே சிரிப்புச் சத்தம் குறைந்தால் இடைவேளையில் கேபினுக்கு ஆள் வரும்: "முதலாளி கேக்காக, உள்ள எல்லாரும் தூங்குதாகளான்னு."

வெள்ளைக்கார முகங்கள் எங்கள் கூட்டத்துக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும். யார் யாரென்று சொல்வதுதான் பாதி வேலை. அப்படி அடையாளம் சொல்லிச் சொல்லித்தான் ஒன்றைக் கவனித்தேன். எந்தப் படமானாலும் ஒரே மாதிரி ஆட்கள் சிலர் வந்துகொண்டே இருந்தார்கள். தெருவில் தடியைச் சுழற்றிக்கொண்டு நடக்கிற தொப்பை போலீஸ்காரர். ரவுடிப் பையன்களைத் திருத்துகிற பாதிரியார். எஜமானியை எதிர்த்துப் பேசுகிற வேலைக்காரப் பெண். ஜெபமாலை உருட்டும் தாய். அவள் பெற்றதில் ஒருவன் ரவுடி, ஒருவன் போலீஸ். சாராயக்கடையில் பாடுகிறவன், பாடி முடித்ததும் அடிக்கிறவன், அடித்து முடித்ததும் கட்டிக்கொண்டு அழுகிறவன். வெகுநாள் நான் அமெரிக்கப் போலீஸ்காரர்கள் எல்லாரும் ஒரே குடும்பம் என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு படத்தில் 'ஐரிஷ்' என்ற சொல் திரும்பத் திரும்ப வர, எங்கள் ஊர்க் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "இங்கிலாந்துக்குப் பக்கத்துத் தீவும்மா. நம்மளை ஆண்ட மாதிரியே அவங்களையும் ஆண்டாங்க. பஞ்சத்துல கப்பலேறி அமெரிக்கா போனவங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு மைக்கில் அறிவித்தேன்: "இதுல வாரவிய எல்லாம் ஐரிஷ்காரவிய. நம்மளை மாதிரி வெள்ளைக்காரன்கிட்ட பட்டவிய."

அன்றிலிருந்து ராஜபாளையம் அவர்களைத் தத்து எடுத்துக்கொண்டது. அண்ணன் ரவுடி, தம்பி போலீஸ், நடுவில் அழுகிற அம்மா, சாவு வீட்டில் சண்டை என்று எல்லாம் நம் படம் மாதிரியே இருந்தால் ஏன் பிடிக்காது? கவுன்டரில் வந்து, "இந்த வாரம் ஐரிசு படமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவார்கள். செம்பட்டைத் தலையும் அவர்கள் அடையாளம் என்பதால், கறுப்பு வெள்ளைப் படத்தில்கூட, "இவருக்கு முடி சிவப்பு, நம்புங்க" என்று சொல்லிவைப்பேன். கூட்டம் நம்பும். சேத்தூரிலிருந்து வாராவாரம் வரும் பேச்சியம்மா, பெண்கள் பெஞ்சின் முதல் வரிசையிலிருந்து, "எம்புட்டுச் சிவப்பு?" என்று கேபினைப் பார்த்துக் கேட்பாள். துக்க வீடுகளில் ஒப்பாரி சொல்லிப் பழகிய குரல். மைக் இல்லாமலே கேபின் வரைக்கும் வரும்.

இந்த நிலைமையில்தான், எண்பதுகளின் நடுவில், அசல் ஐரிஷ்காரர் ஒருவர் ஊருக்கு வந்து இறங்கினார்.

நூல் மில் ஒன்று அயர்லாந்திலிருந்து மெஷின் வாங்கியிருந்தது. அதை மாட்டி ஓடவிட்டுப் போக ஒரு ஃபிட்டரை அனுப்பியிருந்தார்கள். பெயர் டெர்மட். புது மெஷின் ஓடினால்தான் வேலை நின்றுபோன அந்தப் பிரிவு ஆட்களுக்குத் திரும்ப வேலை என்று மில்லில் சொல்லியிருந்ததால், அவரை ஊரே கண்ணுக்குள் வைத்துக் காத்தது. பேச்சியம்மாவின் மருமகளும் அப்படிக் காத்திருந்தவள்தான்.

மனிதரைப் பார்த்ததும் ஊருக்குப் பெரிய ஏமாற்றம். ஒல்லி. தலையில் முடியே இல்லை, பிறகு சிவப்புக்கு எங்கே போவது? பேச்சு பூனை நடக்கிற மாதிரி. ஆனாலும் நான் மைக்கில் சொன்னதை ஊர் விடுவதாக இல்லை. மில் ஆட்கள் கெஸ்ட் ஹவுஸுக்குப் பிராந்தி பாட்டில் கொண்டுபோனார்கள். அவர் சட்டையில் குத்தியிருந்த சின்ன பேட்ஜைத் தொட்டுக் காட்டினார். குடிப்பதில்லை என்று சாமிக்குச் செய்த சத்தியத்தின் அடையாளமாம் அது. மாலை போட்ட சாமி என்று புரிந்துகொண்டு பாட்டிலோடு கும்பிட்டுத் திரும்பினார்கள். மறுநாள் உடற்பயிற்சிக் கூடத்துப் பையன்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒரு கை பார்க்கலாம் என்று வந்து நின்றார்கள். அவர் பயந்துபோய் எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்தார். ஓய்வு பெற்ற ஏட்டையா ஒருவர் சல்யூட் அடித்து, "சார் குடும்பத்துல எத்தனை பேர் போலீஸ்?" என்று கேட்டாராம். "என் தம்பியை ஒருமுறை போலீஸ் பிடித்தது, சைக்கிளில் விளக்கு இல்லாமல் போனதற்கு" என்று பதில் வந்ததாம்.

முதலாளி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? என்னிடமோ மில்லிடமோ ஒரு வார்த்தை கேட்காமல் நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் விட்டுவிட்டார்: 'ஞாயிறு காலை ஐரிஷ் படம். அசல் ஐரிஷ்காரர் நேரில் வந்து நம்மோடு அமர்ந்து பார்ப்பார்.'

சனிக்கிழமை காதர் பாய் எனக்கு அந்தப் படத்தை ஓட்டிக் காட்டினார். முதல் காட்சியிலேயே ஒருவன் சாராயப் பீப்பாய்க்குள் தலைகீழாகக் கிடந்தான். அவன்தான் கதாநாயகியின் அப்பா.

மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர், மெஷின் பொறுப்பெல்லாம் அவர் தலையில், விஷயம் கேள்விப்பட்டு வியர்த்துக்கொண்டு ஓடி வந்தார். "மெஷின் பாதியில நிக்குது. இந்த மனுசன் கோவிச்சுக்கிட்டு பிளேன் ஏறிட்டார்னா நான் மில் முதலாளிக்கு என்ன பதில் சொல்ல? படத்தை நிறுத்துங்க."

"நோட்டீஸ் போயிருச்சே" என்றார் எங்கள் முதலாளி. செத்த நேரம் கிராம்பை மென்றார். "பாய், குடிக்கிற சீனை மட்டும் வெட்டிரும்."

"வெட்டலாம் முதலாளி" என்றார் காதர் பாய். "பேரு போடுததும் 'தி எண்ட்'டும் மிஞ்சும். பரவால்லியா?"

"அப்போ அம்மாயி, நீ மைக்குல நல்ல விதமா மாத்திச் சொல்லிரு."

"முதலாளி, அவியளுக்குத் தமிழ்தான் தெரியாது. படம் அவிய பாஷையிலதான ஓடுது" என்றேன்.

முதலாளி அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை என்பது அவர் மெல்லுவதை நிறுத்தியதில் தெரிந்தது.

ஞாயிறு காலை தியேட்டர் பிதுங்கியது. கூமாப்பட்டியிலிருந்துகூட ஆள் வந்திருந்தது. கூப்பிட்டதும் மறுக்காமல் வந்துவிட்ட டெர்மட் பால்கனியில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், மடியில் பன்னீர் சோடாவோடு உட்கார்ந்திருந்தார். படம் ஆரம்பித்தது. பீப்பாய்க்குள் கால் மட்டும் தெரிந்தது. கூட்டம் சிரிக்கவில்லை. ஒரே நேரத்தில் அத்தனை தலையும் திரும்பிப் பால்கனியைப் பார்த்தது. அவர் அசையவில்லை. தலைகள் திரையைப் பார்த்தன. அடுத்து ஒரு போலீஸ்காரர் குடித்தார். மறுபடி எல்லாத் தலையும் பால்கனி. பாதிரியார் ஒருவர் குத்துச்சண்டை கற்றுக்கொடுத்தார். மறுபடி பால்கனி. டென்னிஸ் மேட்ச் பார்க்கிற கூட்டம் மாதிரி கழுத்தைத் திருப்பித் திருப்பி, படத்தை யாரும் உருப்படியாகப் பார்க்கவே இல்லை.

இடைவேளை மணி அடித்ததும் கேபின் கதவு திறந்தது. டெர்மட். அவர் முதுகுக்குப் பின்னால் ஸ்பின்னிங் மாஸ்டர், கைகூப்பாத குறை.

டெர்மட் என்னிடம் வேகமாக ஏதோ சொன்னார். இத்தனை வருஷம் ஐரிஷ் பேச்சு கேட்டுப் பழகிய எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. சினிமாவில் அவர்கள் பேசுவது ஒரு மாதிரி, இவர் பேசுவது வேறு மாதிரி. அதைத் தயங்கிச் சொன்னேன். அவர் முகம் முதன்முறையாக மலர்ந்தது.

"எனக்கும் அவர்கள் பேசுவது புரியவில்லை" என்றார், நிறுத்தி நிறுத்தி. "எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எது சரி எது தப்பு என்று சொல்லட்டுமா? நீங்கள் அதை இவர்களுக்குச் சொல்லுங்கள்."

ஸ்பின்னிங் மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். காதர் பாய் தன் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

இரண்டாம் பாதியை நான் என் ஆயுளுக்கும் மறக்க மாட்டேன். அவர் காதோரம் சொல்வார், நான் மைக்கில் சொல்வேன்.

"அந்த அம்மா சரி. எல்லா அம்மாவும் அப்படித்தான். அடுக்களைதான் தப்பு, அம்புட்டுப் பெருசா இருந்தா அவிய ஏன் அமெரிக்கா போறாக?"

தியேட்டர் குலுங்கியது.

"பீப்பாய்க்காரரை மாதிரி ஒருத்தர் எங்க தெருவுல உண்டு. ஒரே ஒருத்தர். மத்தவிய எல்லாம் பொழுது அடஞ்சதும் தூங்கிருவாக. தூங்குதவியளை எவன் படம் எடுப்பான்?"

கைதட்டல்.

"எல்லாரும் பாடுதாகளே, அது நெசம். ஆனா இம்புட்டு நல்லாப் பாட மாட்டோம்."

திரையில் ஒருவன் இன்னொருவனை ஜன்னல் வழியாக எறிந்தான். டெர்மட் எழுந்தே விட்டார். "அந்தக் கண்ணாடிக்கு யார் பதில் சொல்வது? எங்கள் ஊரில் அடி வாங்கினவனை விட்டுவிட்டு முதலில் அதைத்தான் கேட்பார்கள்" என்றார். நான் சொன்னதும், "எங்க ஊர்லயும்தான்" என்று ஆண்கள் பக்கமிருந்து பதில் வந்தது. நான் சிரித்த சிரிப்பு மைக்கில் போய்க்கொண்டே இருந்தது. பாய்க்குச் சத்தத்தை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்றே தெரியவில்லை.

பிறகு சாவு வீட்டுக் காட்சி வந்தது. பீப்பாய்க்காரர் செத்துப்போகிறார். பிணத்தை நாற்காலியில் உட்கார வைத்து, கையில் ஒரு கோப்பையைத் திணித்து, சுற்றி நின்று குடித்து ஆடுகிறார்கள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் அடுத்த வாக்கியத்துக்குக் காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி கோதை, ஏன் நிப்பாட்டிட்ட? அவிய என்ன சொல்லுதாக?" பேச்சியம்மாதான்.

நான் மைக்கை மூடிக்கொண்டு அவரிடம் கேட்டேன். வந்து இறங்கிய வாரத்தில் தந்தி வந்ததாம். அம்மா போய்விட்டார். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மெஷின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. "இந்தக் குடியும் ஆட்டமும் எல்லாப் படத்திலும் வருகிறது. என் பாட்டி காலத்தில், சாவு வீட்டுக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்து, செத்தவரைப் புகழ்ந்து பாட்டாகவே அழுவார்கள். அதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை" என்றார்.

இதை மைக்கில் சொல்லலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். சொன்னேன். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கிக்கொண்டு வந்தது. நான் சொல்லாமலே காதர் பாய் படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டுவிட்டார்.

பேச்சியம்மா எழுந்து நின்று கேபினைப் பார்த்தாள். "தாயார் பேரு என்னன்னு கேளு."

"நோரா."

"அவியளைக் கீழ கூட்டிட்டு வா. தாய்க்கு அழாம மகன் மெஷின் மாட்டக் கூடாது."

பெண்கள் பெஞ்சை நகர்த்தி இடம் விட்டார்கள். நடுவில் டெர்மட் சம்மணம் போடத் தெரியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பேச்சியம்மா அவர் தோளில் கை போட்டுத் தொடங்கினாள்.

*ஏழு கடல் தாண்டி*
*எந்திரம் மாட்ட வந்த மகன்*
*எட்டி நடந்து வரும் முன்னே*
*எங்க போனீக நோரம்மா*

மற்றப் பெண்களும் தோள்மேல் கை கோத்து, சுற்றி அமர்ந்து சேர்ந்துகொண்டார்கள். ஒரு சொல் புரியாத மனிதர், அடுத்த வரி எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரிந்தவர் மாதிரி அசைந்து அசைந்து அழுதார். முறுக்கு விற்கிறவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு முதலாளி ஓடி வந்தார். சைக்கிள் ஸ்டாண்டில் சிரிப்புக்குக் காத்திருந்தவர் காதில் ஒப்பாரி விழுந்தால் என்ன செய்வார், பாவம். "எவரு போயினாரு? எவரு போயினாரு?" என்று தெலுங்கில் கேட்டு வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், நடுவில் டெர்மட் சாய்ந்து கிடப்பதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். "ஐயோ, மெஷின்காரரா?"

மூக்கைச் சிந்திக்கொண்டே பேச்சியம்மா, "அவியளுக்கு ஒண்ணும் இல்ல, அவிய அம்மா" என்றாள்.

"அம்மாவும் வந்திருந்தாகளா?" என்றார் முதலாளி.

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பாதி அழுகையில் பெண்கள் சிரித்தார்கள். டெர்மட் என்ன விஷயம் என்று என்னைக் கேட்டார். சொன்னதும் கண்ணீர் வழிய வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவுக்கு சினிமா என்றாலே ஆகாது" என்று மூச்சு வாங்கச் சொன்னார். "தனக்காகத் தியேட்டரில் வைத்து அழுதார்கள் என்று தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்." அதையும் மைக் இல்லாமலே கத்திச் சொன்னேன். பிறகு விளக்கு அணைந்தது. படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. ஒரு சண்டை வந்தது. பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே டெர்மட், எல்லாரையும்விடச் சத்தமாக, "அடி, அடி" என்று நான் கற்றுக்கொடுக்காத தமிழில் கத்தினார்.

மெஷின் நல்லபடியாக ஓடியது. பேச்சியம்மா மருமகள் வேலைக்குத் திரும்பினாள். ஊர் திரும்பும் வரைக்கும் ஞாயிறு தவறாமல் டெர்மட் கேபினில் காதர் பாய் ஸ்டூலில் உட்கார்ந்து எங்கள் படங்களைத் திருத்திக்கொண்டிருந்தார். முதலாளி நோட்டீஸில் 'ஐரிஷ்காரரின் நேரடி விளக்கத்துடன்' என்று சேர்த்துக்கொண்டார். ஐரிஷ்காரர் யாருமே இல்லாத படத்துக்கும் அதையே போட்டார்.

தொண்ணூறுகளில் கேபிள் டிவி வந்தது. பழைய படங்களும் தீர்ந்தன. மதுரையிலிருந்து வந்த புதுப் படங்களில் ஐரிஷ்காரர்கள் மாறியிருந்தார்கள். சாராயம் போய் வெடிகுண்டு வந்திருந்தது. அப்படி ஒரு படம் ஓடிய காலையில், தாடி வைத்த ஒருவன் காருக்கு அடியில் குண்டு வைத்தான்.

"ஏட்டி, இவன் யாரு?" என்றாள் பேச்சியம்மா. அதே முதல் வரிசை.

படத்தில் அவன் தன்னை ஐரிஷ் என்று இரண்டு முறை சொல்லிவிட்டான். கூட்டம் என் பதிலுக்குக் காத்திருந்தது.

"அமெரிக்காக்காரன்" என்றேன்.

"அதான பார்த்தேன்" என்றாள் பேச்சியம்மா.

படம் முடியும்வரை அவன் அமெரிக்காக்காரனாகவே குண்டு வைத்து, அமெரிக்காக்காரனாகவே செத்தான். காட்சி முடிந்து இறங்கி வரும்போது, காலேஜ் பையன் ஒருவன் சைக்கிள் ஸ்டாண்டில் முதலாளியைப் பிடித்துக்கொண்டு, மைக்கில் கதை சொன்ன அக்கா தப்பாகச் சொல்லிவிட்டார்கள் என்று வாதாடிக்கொண்டிருந்தான். முதலாளி அவன் சொன்னதை முழுக்கக் கேட்டார். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"அமெரிக்காவுல இருந்து எவனாவது மெஷின் மாட்ட வந்தா, அப்போ மாத்திச் சொல்லிக்கலாம் தம்பி" என்றார்.